பத்துக் குளத்தில் ஓடும் திட்டத்தை ஆயிரம் குளத்துக்குக் கொண்டுபோக முடியுமா?

நீர்நாடி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். நீர்நிலைகளின் தரத்தை அந்தந்தப் பகுதி மக்களே அளக்கும் சிறிய மக்கள் அறிவியல் திட்டம் ஒன்றை நானும் சில நண்பர்களும் நடத்துகிறோம். பத்துப் பதினைந்து குளங்கள். மாதம் இருமுறை கலங்கல், வெப்பநிலை, கரைந்த ஆக்சிஜன், நைட்ரேட், பாஸ்பேட் பார்க்கிறோம். மாணவர்கள், ஓய்வுபெற்றவர்கள், மீன் பிடிப்பவர்கள் என்று கலவையான கூட்டம். எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவில் இருப்பதால் பெரிய சிக்கல் இல்லாமல் ஓடுகிறது.

இப்போது நிதி கொடுக்க முன்வந்திருக்கும் ஓர் அமைப்பு, மூன்று ஆண்டில் ஆயிரம் நீர்நிலைகள் என்ற இலக்கோடு வந்திருக்கிறது. செயலி, இணையதளம், டி-ஷர்ட் எல்லாம் அவர்கள் பொறுப்பாம். ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் பெரிதாக்கும்போது எது முதலில் உடையும் என்று தெரிந்துகொண்டு இறங்க நினைக்கிறேன். இதுபோன்ற திட்டங்களில் வேலை செய்தவர்கள், தூரத்திலிருந்து பார்த்தவர்கள், எரிச்சலடைந்தவர்கள் எல்லாரும் சொல்லுங்கள்.

தும்பி

யோசிக்கவே வேண்டாம், இறங்குங்கள்! வட அமெரிக்காவின் கிறிஸ்துமஸ் பறவைக் கணக்கெடுப்பை ஃபிராங்க் சாப்மன் 1900-ல் தொடங்கியபோது வந்தவர்கள் 27 பேர்தான். நூற்றாண்டு தாண்டி இன்றும் ஓடுகிறது, ஆயிரக்கணக்கானோர் பங்கெடுக்கிறார்கள். பறவை பார்ப்பவர்கள் பதிவிடும் ஈபேர்ட் தளம் 2002-ல் தொடங்கியது, 2021-ல் அதன் பதிவுகள் 100 கோடியைத் தாண்டின. 2007-ல் வந்த கேலக்ஸி ஜூவில் விண்மீன் மண்டலங்களை வகைப்படுத்தியவர்களில் பெரும்பாலோருக்கு வானியல் படிப்பே கிடையாது. ஹன்னி வான் ஆர்கெல் என்ற டச்சுப் பள்ளி ஆசிரியை அதில்தான் யாரும் பார்த்திராத ஒரு பச்சை ஒளிமேகத்தைக் கண்டுபிடித்தார், இன்று அது அவர் பெயரிலேயே இருக்கிறது.

பெரிதாகப் பெரிதாகத்தான் இப்படியெல்லாம் நடக்கும். பதினைந்து குளத்தோடு நின்றுவிட்டால் அது ஒரு நல்ல பொழுதுபோக்கு, அவ்வளவுதான்.

உப்புக்கொத்தி

தும்பி சொன்ன மூன்றும் வெவ்வேறு சாதி. ஒரே மூட்டையில் கட்டினால் நீர்நாடி தவறான முடிவுக்கு வந்துவிடுவார்.

கேலக்ஸி ஜூ திரையில் நடக்கும் வேலை. படம் அங்கேயே இருக்கிறது, போகாது. ஒரே படத்தை நாற்பது பேருக்குக் காட்டலாம். ஒருவர் தவறாகச் சொன்னால் மற்ற முப்பத்தொன்பது பேர் திருத்திவிடுவார்கள். தான்சானியாவின் செரெங்கெட்டி புல்வெளியில் தானியங்கிக் கேமராக்கள் எடுத்த லட்சக்கணக்கான படங்களை இப்படித்தான் பொதுமக்கள் பிரித்தார்கள். பலருடைய விடைகளைச் சேர்த்துப் பார்த்தபோது, வல்லுநர்களின் விடையோடு 98 சதவீதம் அளவுக்கு ஒத்துப்போனது. இந்த வகை வேலையில் ஆள் கூடக்கூடத் தரமும் கூடும்.

இன்னோர் உதாரணம், 2020 மார்ச் ஊரடங்கின்போது நடந்தது. ரெடிங் பல்கலைக்கழகத்தின் எட் ஹாகின்ஸ், பிரிட்டனின் பழைய மழைப்பதிவுத் தாள்களைக் கணினியில் ஏற்ற ஆள் கேட்டார். கையால் எழுதிய தாள்கள், சுமார் 66,000. வீட்டுக்குள் அடைபட்டிருந்த 16,000 பேர் வந்து, 50 லட்சத்துக்கும் மேற்பட்ட அளவுகளை 16 நாளில் முடித்துவிட்டார்கள். மாதக்கணக்கில் ஆகும் என்றுதான் எதிர்பார்த்திருந்தார்கள்.

குளம் அப்படியல்ல. இன்று காலை ஆறு மணிக்கு இருந்த தண்ணீர் இன்று காலை ஆறு மணிக்கு மட்டும்தான் இருந்தது. அளந்தவர் தவறு செய்திருந்தால் இன்னொருவரைக் கூப்பிட்டு அதே தண்ணீரைத் திரும்ப அளக்க முடியாது. களத்தில் எடுக்கும் அளவில், ஆள் கூடினால் பிழையின் வகைகளும் கூடும்.

மழைமானி

நீர்நாடி தம்பி, களத்தில் அளக்கும் வேலையும் பெரிதாகியிருக்கிறது. எப்படிப் பெரிதாயிற்று என்று பார்த்தால் உங்களுக்கு உதவும்.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஃபோர்ட் காலின்ஸ் நகரம். 1997 ஜூலையில் திடீர் வெள்ளம், ஐந்து பேர் இறந்தார்கள். நகரத்தின் ஒரு பக்கம் கொட்டித் தீர்த்திருக்கிறது, சில மைல் தள்ளி வெறும் இரண்டு அங்குலத்துக்கும் குறைவு. அதிகாரபூர்வ மழைமானிகள் தூரம் தூரமாக இருந்ததால் எங்கே எவ்வளவு பெய்தது என்பது அந்த நேரத்தில் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. அடுத்த ஆண்டே நோலன் டோஸ்கன் என்ற வானிலையாளர் பொதுமக்களை வைத்து மழை அளக்கும் வலையமைப்பைத் தொடங்கினார். கோகோராஸ் என்று பெயர். இன்று அமெரிக்கா முழுக்க, கனடாவிலும் இருக்கிறது. வானிலைத் துறையே அந்தத் தரவை எடுத்துப் பயன்படுத்துகிறது.

நான் கவனித்தவரை அது வளர்ந்ததற்கு இரண்டு காரணம். எல்லாரும் ஒரே வகை மழைமானி, நான்கு அங்குல விட்டம் கொண்டது. "என்னிடம் வேறு நல்ல கருவி இருக்கிறது" என்றால் ஏற்க மாட்டார்கள். அடுத்தது, மழை பெய்யாத நாளிலும் "பூஜ்யம்" என்று பதியச் சொல்வார்கள். பதிவே இல்லையென்றால் மழை இல்லையா, ஆள் ஊரில் இல்லையா என்று எப்படித் தெரியும்? வறட்சியைக் கணக்கிடுகிறவர்களுக்கு அந்தப் பூஜ்யம்தான் முக்கியமான தகவல்.

நீங்கள் ஐந்து அளவுகள் எடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் முக்கியமாக எடுப்பது ஒன்றே ஒன்று, மழை.

ஆய்வக எலி

வேதியியல் பக்கத்திலிருந்து. எது முதலில் உடையும் என்று கேட்டீர்கள் அல்லவா? கரைந்த ஆக்சிஜன்.

பாசி பிடித்த குளத்தில் ஆக்சிஜன் நாள் முழுக்க ஒரே அளவில் இருக்காது. வெயில் ஏற ஏற ஒளிச்சேர்க்கையால் கூடிக்கொண்டே போகும், பிற்பகலில் உச்சத்தைத் தொடும். இரவில் ஒளிச்சேர்க்கை இல்லை, ஆனால் பாசி, மீன், பாக்டீரியா எல்லாமே சுவாசிக்கின்றன, அதனால் இறங்கிக்கொண்டே வந்து விடிவதற்குச் சற்று முன் மிகக் குறைவாக இருக்கும். மீன் செத்து மிதப்பது பெரும்பாலும் அதிகாலையில் என்பதற்கு இதுதான் காரணம்.

இப்போது உங்கள் குழுவில் யார் அளக்கிறார்கள்? ஓய்வுபெற்றவர்கள், மீன் பிடிப்பவர்கள். அநேகமாகக் காலையில் போவார்கள். ஆயிரம் குளமாக்கினால் புதிதாக வருகிறவர்களில் பலர் வேலைக்குப் போகிறவர்கள். அவர்கள் சாயங்காலம் போவார்கள், அல்லது விடுமுறை நாளில் மதியம். உங்கள் வரைபடத்தில் ஆக்சிஜன் சராசரி உயரும். "மக்கள் பங்கேற்பால் நீர்நிலைகளின் தரம் மேம்பட்டது" என்று நிதி கொடுத்தவர் அறிக்கை போடுவார். மாறியது கடிகாரம் மட்டும்தான்.

நைட்ரேட், பாஸ்பேட் சோதனைப் பெட்டிகளின் கதை தனி. அவை நிறத்தைப் பார்த்து ஒப்பிடும் வகை. வெயிலில் பார்ப்பதும் நிழலில் பார்ப்பதும் ஒன்றல்ல. ஒரு தயாரிப்புத் தொகுதிக்கும் அடுத்த தொகுதிக்கும் வேறுபாடு வரும். காலாவதித் தேதி தாண்டியதை வைத்து அளப்பவர்கள் கட்டாயம் இருப்பார்கள். சோப்புப்பொடி போட்டுக் கழுவிய பாட்டிலில் நீர் பிடித்தால் பாஸ்பேட் எகிறலாம். நிறக்குருடு உள்ளவர்கள் வேறு. பதினைந்து பேரிடம் இதையெல்லாம் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுக்கலாம். ஆயிரம் பேருக்குக் காணொளி அனுப்பினால் பாதிப்பேர் பார்க்க மாட்டார்கள்.

நீர்நாடி

எலி, கடிகார விஷயம் தூக்கிவாரிப் போட்டது. நேரத்தைப் பதிகிறோம், அதனால் பிறகு திருத்திக்கொள்ளலாம் அல்லவா?

ஆய்வக எலி

ஓரளவுக்கு. நேரம் தெரிந்தால் காலை அளவுகளைக் காலை அளவுகளோடு மட்டும் ஒப்பிடலாம். ஆனால் மதிய அளவிலிருந்து விடியற்காலை அளவைக் கணக்குப் போட்டு எடுக்க முடியாது. பாசியின் அடர்த்தி, மேகமூட்டம், காற்று, ஆழம் என்று எல்லாம் குளத்துக்குக் குளம் மாறும். விடியற்காலை எழுந்து போகிற ஆட்கள் கிடைக்காத குளத்தில் ஆக்சிஜனை அளக்காமல் விட்டுவிடுவதே நல்லது.

கேள்விக்குறி

எல்லாரும் எப்படி அளப்பது என்றே பேசுகிறீர்கள். ஏன் நாம் அளக்க வேண்டும் என்று யாராவது கேட்டீர்களா?

நீரின் தரத்தைக் கண்காணிக்கப் பெரும்பாலான நாடுகளில் அரசுத் துறைகள் இருக்கின்றன. சம்பளம் வாங்கும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள், ஆய்வகம் இருக்கிறது, சட்டம் இருக்கிறது. அவர்கள் செய்ய வேண்டியதை ஓய்வூதியக்காரரும் மாணவரும் சும்மா செய்து கொடுத்தால், அடுத்த ஆண்டு பட்ஜெட்டில் அந்தத் துறைக்குக் கை வைப்பார்கள். "மக்களே பார்த்துக்கொள்கிறார்களே!" அளந்து என்ன ஆகப்போகிறது என்பது அடுத்த கேள்வி. பத்தாண்டு தரவைச் சுமந்துகொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போன குழு ஒன்றை எனக்குத் தெரியும். "அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்தின் முத்திரை இல்லை" என்று அரை நிமிடத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆயிரம் குளத்தின் தரவைக் கொண்டுபோனாலும் அதே அரை நிமிடம்தான்.

தும்பி

அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரத்தை மறந்துவிட்டீர்களா? 2014 ஏப்ரலில் குடிநீரை ஆற்றுக்கு மாற்றினார்கள். அரிப்பைத் தடுக்கும் மருந்தைச் சேர்க்கவில்லை. குழாய்களிலிருந்து ஈயம் கரைந்து வந்தது. தண்ணீர் பாதுகாப்பானது என்றே அதிகாரிகள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். லீஆன் வால்டர்ஸ் என்ற தாய் விடாமல் போராடினார். 2015-ல் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தின் மார்க் எட்வர்ட்ஸ் குழு மாதிரி எடுக்கும் பெட்டிகளை அனுப்ப, நகர மக்களே வீடு வீடாகக் கொடுத்து, நிரப்பி வாங்கி, திருப்பி அனுப்பினார்கள். அதே ஆண்டு அக்டோபரில் நகரம் பழைய நீராதாரத்துக்குத் திரும்பியது. மக்கள் அளக்காமல் இருந்திருந்தால்?

கேள்விக்குறி

மறக்கவில்லை. நான் சொல்வதற்கு அதுவே சாட்சி. அரசு அளக்கத்தான் செய்தது, தவறாக அளந்தது. மக்கள் திட்டம் அரசின் இடத்தைப் பிடிக்கவில்லை, அரசின் சட்டையைப் பிடித்தது. அப்படிப்பட்டதை நான் எங்கே எதிர்த்தேன்?

மட்டுறுத்துநர்

நீர்நாடியின் கேள்வி பெரிதாக்குவதைப் பற்றியது. பட்ஜெட் அரசியலுக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே தொடரலாம். (கடைசி வரி நன்றாக இருந்ததால் பதிவை நீக்கவில்லை.)

உப்புக்கொத்தி

இல்லை, கேள்விக்குறி தலைப்பை விட்டு விலகவில்லை. ஃபிளின்டைச் சற்று உன்னிப்பாகப் பாருங்கள். எத்தனை பெட்டிகள் அனுப்பினார்கள்? 300. திரும்பி வந்தவை அதிலும் குறைவு. இந்தக் காலத்து அளவுகோலில் அது "சிறிய முன்னோட்டத் திட்டம்". ஆனால் கேள்வி கூர்மையாக இருந்தது: குழாயைத் திறந்தால் ஈயம் வருகிறதா, அரசு சொல்லும் எண்ணோடு ஒத்துப்போகிறதா? அந்தக் கேள்விக்கு 300 போதும். போதாததற்கு, மோனா ஹன்னா-அட்டீஷா என்ற குழந்தை மருத்துவர் குழந்தைகளின் ரத்தத்தில் ஈய அளவு கூடியதைத் தனியே காட்டினார். இரண்டு பக்கத்திலிருந்தும் ஆதாரம் வந்ததும் மறுக்க முடியவில்லை.

இப்போது எதிர்ப்பக்கம். பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் 2018 மே மாதம் முழுக்க 20,000 பேர் தங்கள் வீட்டு ஜன்னலில் சிறு குழாய்களை மாட்டி நைட்ரஜன் டை ஆக்சைடை அளந்தார்கள். ஆன்ட்வெர்ப் பல்கலைக்கழகம், ஒரு நாளிதழ், அந்தப் பகுதியின் சுற்றுச்சூழல் முகமை மூன்றும் சேர்ந்து நடத்தியது. இங்கே 20,000 தேவைப்பட்டது, ஏனென்றால் கேள்வியே தெருவுக்குத் தெரு காற்று எப்படி மாறுகிறது என்பது. கணினி மாதிரிகள் சொல்வதைத் தெரு மட்டத்தில் சரிபார்க்க அவ்வளவு புள்ளிகள் வேண்டும். இன்னொன்றையும் கவனியுங்கள்: பதிவுசெய்தவர்கள் 50,000-க்கும் மேல். எல்லாரையும் சேர்க்கவில்லை. எல்லா வகைத் தெருக்களும் வருமாறு பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். அரசின் அளவீட்டு நிலையங்களிலும் அதே குழாய்களை மாட்டி ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முகமை முதல் நாளிலிருந்தே உள்ளே இருந்ததால் முத்திரைப் பிரச்சினை எழவே இல்லை.

ஆக, நீர்நாடி, உங்களுக்கு நான் வைக்கும் கேள்வி இது. ஆயிரம் என்ற எண் எங்கிருந்து வந்தது? எந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஆயிரம் குளங்கள் வேண்டும்?

நீர்நாடி

நேர்மையாகச் சொன்னால், அது அவர்களுடைய திட்ட அறிக்கையில் இருந்த எண். ஏன் ஆயிரம் என்று நானும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

எங்கள் குழுவுக்கு இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒன்று, எங்கள் குளங்கள் ஆண்டுக்காண்டு மோசமாகின்றனவா. மற்றது, சுற்றுவட்டாரத்தில் எந்தெந்தக் குளம் ஏற்கெனவே கெட்டுப்போயிருக்கிறது, எதைக் காப்பாற்ற இன்னும் நேரம் இருக்கிறது.

உப்புக்கொத்தி

பார்த்தீர்களா, இரண்டுக்கும் வேறு வேறு அளவு.

முதல் கேள்விக்கு ஆயிரம் குளம் தேவையே இல்லை. குறைவான குளங்கள், நீண்ட காலம், அதே ஆட்கள், அதே நேரம், அதே முறை. இது பெரிதாவது ஆண்டுகளில். இரண்டாவது கேள்விக்கு நிறைய குளங்கள் வேண்டும், ஆனால் ஒவ்வொன்றையும் மாதம் இருமுறை பார்க்க வேண்டியதில்லை. ஆண்டுக்கு ஒன்றிரண்டு தடவை, ஒரே எளிய அளவு. இரண்டையும் ஒரே திட்டத்துக்குள் திணித்தால் இரண்டுமே கெடும்.

இரண்டாவதற்குத் தயாராக ஒரு முன்மாதிரி இருக்கிறது. செக்கி தட்டு தெரியுமல்லவா? கயிற்றில் கட்டிய கறுப்பு-வெள்ளைத் தட்டு. தண்ணீருக்குள் இறக்கி, கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறித்துக்கொள்வது. ஆஞ்சலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார்-வானியலாளர் 1865-ல் பயன்படுத்தியது வெள்ளைத் தட்டு, கறுப்பு-வெள்ளை பின்னால் வந்தது, ஆனால் முறை இன்னமும் அதேதான். இதை வைத்து அமெரிக்காவில் 1994 முதல் ஆண்டுதோறும் குறிப்பிட்ட காலத்தில் தன்னார்வலர்கள் ஏரிகளின் தெளிவை அளந்து அனுப்புகிறார்கள். மின்கலம் வேண்டாம், ரசாயனம் வேண்டாம், காலாவதித் தேதி கிடையாது.

எந்தக் குளங்களை அளப்பது என்பதைத் தன்னார்வலர் விருப்பத்துக்கு விட்டுவிடாதீர்கள். விட்டால் சாலையோரக் குளம், அழகான குளம், நாறுகிற குளம் மூன்றும்தான் வரும். நடுத்தரமாக, யார் கண்ணிலும் படாமல் கிடக்கும் குளங்கள் விடுபட்டுப் போகும். கேரளப் பறவை வரைபடத் திட்டத்தில் (2015 முதல் 2020 வரை, ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள்) மாநிலத்தைக் கட்டங்களாகப் பிரித்து, எந்தக் கட்டத்துக்குப் போக வேண்டும் என்பதை முன்கூட்டியே தீர்மானித்து அனுப்பினார்கள். பறவை நிறைய இருக்கும் இடத்துக்கு ஓடுவது பறவை பார்ப்பவர்களின் இயல்பு. அந்த இயல்பை அடக்கியதால்தான் அந்தத் தரவுக்கு மதிப்பு.

நிரலி

செயலி பற்றி யாரும் பேசவில்லை என்பதால் நான். தொழில் அதுதான்.

புதுச் செயலி செய்யாதீர்கள். அதை யார் செய்து கொடுத்தாலும் வாங்காதீர்கள். நிதி மூன்று ஆண்டுக்கு வரும், அதற்குப் பிறகு சர்வருக்கு யார் பணம் கட்டுவது? ஃபோன்களின் இயங்குதளம் மாறிக்கொண்டே இருக்கும், புதுப்பிக்க ஆள் இல்லாத செயலி ஒரு நாள் திறக்காது. தரவு உள்ளே மாட்டிக்கொள்ளும். இந்த மாதிரி அநாதைச் செயலிகள் கடைகளில் குவிந்து கிடக்கின்றன.

திறந்தமூலப் படிவக் கருவிகள் ஏற்கெனவே இருக்கின்றன, இணையம் இல்லாத இடத்தில் நிரப்பி, வீட்டுக்கு வந்து அனுப்பலாம். அதுவும் வேண்டாமென்றால் தாள். ஆம், தாள். எழுதிய தாளைப் படம் பிடித்து அனுப்பினால் உள்ளிட ஆள் கிடைப்பார்கள். உப்புக்கொத்தி சொன்ன மழைத்தாள் கதையே அதற்குச் சாட்சி, நல்ல தாளை நூறாண்டு கழித்தும் படிக்க முடிகிறது. அந்தத் தொகுப்பில் 1677-ஆம் ஆண்டின் மழை அளவுகூட இருக்கிறது!

செயற்கை நுண்ணறிவு பற்றியும் அந்த அமைப்பு பேசும், கட்டாயம் பேசும். பொதுமக்கள் உயிரினப் படங்களைப் பதிவிடும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில், படத்தைப் பார்த்து உயிரினத்தைச் சொல்லும் வசதி 2017 முதலே இருக்கிறது, உண்மையிலேயே உதவுகிறது. ஆனால் கணினி சொன்னதை இருவர் யோசிக்காமல் ஒப்புக்கொண்டால் அது உறுதிப்பட்ட பதிவாகிவிடும், அதையே கணினி அடுத்த சுற்றில் பாடமாகப் படிக்கும். மனிதச் சரிபார்ப்பாளர் எண்ணிக்கை படங்களின் வேகத்தில் வளர்வதில்லை. உங்கள் வேலைக்கு இது தேவையே இல்லை என்று நினைக்கிறேன்.

மழைமானி

நிரலி சொன்ன கடைசி விஷயம்தான் என் அனுபவத்தில் நிஜமான நெருக்கடி. சரிபார்ப்பவர் மட்டுமல்ல, நடுவில் இருக்கிற ஆள்.

தன்னார்வலர் திட்டம் எதை எடுத்தாலும் சிலர்தான் பெரும்பகுதி வேலையைச் செய்வார்கள். நிறைய பேர் ஒரு தடவை வந்துவிட்டுப் போய்விடுவார்கள். அது தவறில்லை, அது இயல்பு. அந்தச் சிலரைத் தக்கவைப்பது எது? அவர்கள் அனுப்பியதை யாரோ பார்த்தார்கள் என்று தெரிவது. "அக்கா, போன வாரம் உங்கள் எண் வழக்கத்தைவிடக் கூடுதலாக இருக்கிறதே, கொஞ்சம் பார்க்கிறீர்களா" என்று ஒரு தொலைபேசி அழைப்பு. சான்றிதழும் பதக்கமும் அதற்கு ஈடாகாது. ஈபேர்டில் நீங்கள் வழக்கத்துக்கு மாறான ஒன்றைப் பதிந்தால் அந்தப் பகுதியை நன்கு தெரிந்த சரிபார்ப்பாளர் ஒருவர் எழுதிக் கேட்பார். சிலருக்குக் கோபம் வரும். ஆனால் நிறைய பேர் அப்படித்தான் பறவைகளை ஒழுங்காகக் கற்றுக்கொண்டார்கள்.

தம்பி, நீங்கள் இப்போது எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறீர்கள். ஆயிரம் பேரை உங்களால் கூப்பிட முடியாது. இருபது முப்பது குளத்துக்கு ஒருவர் என்று அந்தந்த இடத்திலேயே ஆள் வேண்டும், அவருக்குச் சம்பளம் வேண்டும். இதைத் தன்னார்வமாகச் செய்யச் சொன்னால் ஓராண்டில் சோர்ந்துவிடுவார். நிதியில் பெரும்பங்கு இதற்குத்தான் போக வேண்டும். நிதி கொடுப்பவர்களுக்கு இது பிடிக்காது, ஏனென்றால் செயலியைக் காட்டிப் படம் எடுக்கலாம், தொலைபேசியில் பேசும் ஆளைக் காட்டிப் படம் எடுக்க முடியாது.

கேள்விக்குறி

மழைமானி அக்கா சொன்னதற்கு ஒரு வணக்கம்.

நான் கேட்க வந்தது வேறு. தரவு யாருடையது? ஜப்பானில் 2011 ஃபுகுஷிமா விபத்துக்குப் பிறகு அதிகாரபூர்வ எண்களை நம்ப முடியாதவர்கள் சேர்ந்து சேஃப்காஸ்ட் தொடங்கினார்கள். கதிர்வீச்சு மானியைக் காரில் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போனார்கள். பத்துக் கோடிக்கும் மேற்பட்ட அளவுகள், ஒன்றுக்கும் உரிமை கோராமல் பொதுவில் போட்டார்கள். அணுசக்தியை ஆதரிப்பவரும் எதிர்ப்பவரும் ஒரே எண்களை எடுத்துப் பேசலாம். எனக்கு அது பிடிக்கும்.

ஆனால் எல்லாவற்றையும் அப்படித் திறந்துவிட முடியாது. அருகிவரும் உயிரினங்களின் சரியான இடத்தை ஈபேர்டும் ஐநேச்சுரலிஸ்டும் மறைத்து வைப்பது வேட்டைக்காரர்களுக்குப் பயந்துதான். குளத்தில் கழிவைக் கலப்பவர் யார் என்று கண்டுபிடிக்கும் அளவுக்கு உங்கள் தரவு நுணுக்கமாகிவிட்டால், அளந்தவர் யார் என்பதும் கலப்பவருக்குத் தெரிய வரும். அந்த ஆள் அதே கரையில் குடியிருக்கிறார். நிதி கொடுக்கும் அமைப்பின் அலுவலகம் அங்கே இல்லை.

நீர்நாடி

இது நான் யோசிக்காத பக்கம் இல்லை, ஆனால் எழுதி வைத்ததில்லை. அளந்தவர் பெயரைப் பொதுத்தளத்தில் போடப் போவதில்லை, குழுவின் பெயர் மட்டும். சந்தேகப்படும்படி ஓர் அளவு வந்தால் அதைப் பொதுவில் ஏற்றுவதற்கு முன் ஒருங்கிணைப்பாளர் தானே போய் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று விதி வைக்கலாம். ஆய்வக முடிவு வந்தபின் அது யாரோ ஒருவர் எடுத்த அளவாக இருக்காது.

உப்புக்கொத்தி

நல்ல விதி. கேள்விக்குறி முன்பு சொன்ன "முத்திரை" சிக்கலுக்கும் அதுவே வழி. பத்து மாதிரிக்கு ஒன்றை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைத் தன்னார்வலர் அளக்க, மறுபாதியை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். இரண்டு எண்ணும் எவ்வளவு தூரம் விலகுகின்றன என்பதை வெளிப்படையாக எழுதி வைத்தால், "நம்ப முடியாது" என்பவரிடம் "இவ்வளவு நம்பலாம்" என்று காட்டலாம்.

அரசு பக்கமும் கதவு முழுக்கச் சாத்தியில்லை. கடற்கரைத் துப்புரவில் தன்னார்வலர்கள் எண்ணிய குப்பைக் கணக்கை வைத்து, கடல் பிளாஸ்டிக் பற்றிய ஐநா நீடித்த வளர்ச்சி இலக்குக் குறியீட்டுக்கு கானா நாடு அதிகாரபூர்வமாக அறிக்கை கொடுத்திருக்கிறது, 2022-ல். அந்த நாட்டின் புள்ளிவிவரத் துறையே முன்னின்று செய்தது. தரவு முதலில் வந்து, பிறகு துறையைத் தேடிப் போகவில்லை. துறையை முதலில் உட்காரவைத்து, எந்த வடிவத்தில் வேண்டும் என்று கேட்டு, பழைய தரவை அதற்கேற்ப ஒழுங்குபடுத்தினார்கள். உங்கள் தரவை யார் மேசையில் வைக்கப் போகிறீர்களோ அவரைப் படிவம் அச்சடிப்பதற்கு முன் போய்ப் பாருங்கள்.

தும்பி

நான் மட்டும்தான் இன்னும் பெரிதாக்கச் சொல்கிறேன் போலிருக்கிறது! ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். எதிர்பாராமல் கிடைப்பதற்கும் இடம் விடுங்கள். ஸ்பெயினில் கொசுப் புகைப்படம் அனுப்பும் திட்டத்தில் 2018-ல் ஒருவர் அனுப்பிய படம், அந்த நாட்டில் அதுவரை பதிவாகாத ஜப்பானியக் கொசு வகை. அதைத் தேடி யாரும் போகவில்லை. கட்டம் போட்டு, நேரம் குறித்து, ஒரே அளவு என்று இறுக்கிவிட்டால் இப்படிப்பட்டது கண்ணில் படாது. படிவத்தின் கடைசியில் "வேறு ஏதாவது பார்த்தீர்களா?" என்று ஒரு வெற்றுக் கட்டமாவது வையுங்கள்.

மழைமானி

தும்பி, அந்தக் கட்டத்தை வைக்கத்தான் வேண்டும். மீன் பிடிப்பவர் அதில் எழுதுவதுதான் பல நேரம் முதல் துப்பு.

நீர்நாடி

எல்லாருக்கும் நன்றி. அந்த அமைப்புக்கு இன்று எழுதிய பதிலின் சாரம்: எங்கள் பழைய குளங்களில் ஐந்து அளவுகளும் தொடரும், ஆக்சிஜன் விடியற்காலை மட்டும். மற்ற இடங்களில் ஆண்டுக்கு இரு முறை, மழைக்கு முன்னும் பின்னும், தெளிவு மட்டும். ஆயிரம் என்று இலக்கு வைக்க மாட்டோம். முதலில் நூறு, அதுவும் கட்டம் போட்டுத் தேர்ந்தெடுத்தவை. செயலி வேண்டாம், அந்தப் பணத்தில் வட்டார ஒருங்கிணைப்பாளர்களுக்குச் சம்பளம். நீர்வளத் துறைப் பொறியாளர் ஒருவரைப் படிவத்தைப் பார்க்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை. அமைப்பு ஒப்புக்கொள்ளுமா என்று தெரியாது. ஒப்புக்கொள்ளாவிட்டால் பதினைந்து குளத்தோடு இருப்போம்.

ஒரு சந்தேகம் மட்டும். பல குளங்கள் ஆழம் குறைந்தவை. செக்கி தட்டு மறைவதற்கு முன்பே தரையைத் தொட்டுவிடும். அங்கே என்ன எழுதுவது?

ஆய்வக எலி

ஆழத்தை எழுதி, பக்கத்தில் "தரை தட்டியது" என்று கட்டாயம் குறிக்க வேண்டும். அந்தக் குறிப்பு இல்லாமல் வெறும் 60 சென்டிமீட்டர் என்று எழுதினால், தெளிந்த ஆழமற்ற குளமும் கலங்கிய ஆழமான குளமும் பட்டியலில் ஒன்றுபோலத் தெரியும். அப்படிப்பட்ட குளங்களுக்குக் கலங்கல் குழாய் நல்லது. அடியில் செக்கி வடிவம் வரைந்த, பக்கத்தில் சென்டிமீட்டர் குறியிட்ட ஒளிபுகும் குழாய். நீரை நிரப்பி, அடியிலிருக்கும் வடிவம் கண்ணுக்குத் தெரியும்வரை கீழ்க்குழாய் வழியாக மெல்ல வடித்து, மிச்ச உயரத்தைக் குறிக்க வேண்டும். வண்டல் கீழே படிந்துவிடும் முன் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு தடவை கலக்கிவிட்டுப் பார்க்கலாம். தட்டில் அளந்ததையும் குழாயில் அளந்ததையும் ஒரே பத்தியில் போடாதீர்கள், இரண்டும் வேறு அளவுகள்.

குழாயை நிழலில் பிடிக்க வேண்டும், முதுகு வெயிலைப் பார்த்து இருக்க வேண்டும். வெயில் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்க்கச் சொல்லிப் படிவத்திலேயே அச்சடித்துவிடுங்கள். அச்சடிக்காவிட்டால் நூறில் பத்துப் பேராவது அதோடுதான் பார்ப்பார்கள்.